முளைக்கும் கை

துளசிமணியின் இடது கை நார் மில்லில் தேங்காய் மட்டை மெஷினுக்குள் போன அன்றைக்குத் தேனூத்துப்பாளையத்துக்காரர்கள் முதலில் கேட்டது அவள் பிழைத்துக்கொள்வாளா என்று அல்ல, கைக்குச் சோறு அவள் வீட்டு வாசலில் போடுவார்களா இல்லை சமுதாயக் கூடத்தில் போடுவார்களா என்று. ஏனென்றால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வரிசையாக நார் மில்கள் வந்த காலத்திலிருந்து அந்த ஊரில் அறுந்துபோன கைக்கும் விரலுக்கும் முழுச் சாவு எடுக்கிற வழக்கம் வந்துவிட்டது, பத்து விரலோடு பந்தியில் உட்காருகிறவனைப் பார்த்தால் வெளியூர்ச் சம்பந்தமா என்று கேட்கிற அளவுக்கு அங்கே விரல்கள் போய்க்கொண்டிருந்தன, போனதற்கெல்லாம் குழி வெட்டிப் பால் ஊற்றி, பங்காளிகள் தீட்டுக் காத்து, கடைசியில் ஒரு சோறு போட்டு முடிக்க ஊர் நன்றாகப் பழகியிருந்தது. கைச்சாவு என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு.

ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்த கையை அவள் புருஷன் மயில்சாமி மொபெட்டின் முன்பக்கம் வைத்து எடுத்து வந்தான். சுடுகாட்டில், கையிலிருந்த ரப்பர் வளையலைக் கழற்றலாமா கூடாதா என்று பெரியவர்கள் வாய்ச்சண்டை போட்டுக் கழற்றாமலே புதைத்தார்கள். கைச்சோற்றில் ரசம் தண்ணியாக ஓடியது என்று பாதிப் பேரும், அப்பளம் எண்ணிப் போட்டார்கள் என்று மீதிப் பேரும் குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். துளசிமணி அப்போது ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள். அவள் கைக்கு நடந்த சாப்பாட்டில் அவளுக்கென்று ஒரு தூக்குப்போசியில் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது. இன்னும் கசக்கப் போகிறது.

வீட்டுக்கு வந்து, ஒற்றைக் கையால் அரிசி களையவும் துணி பிழியவும் அவள் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் முழங்கைக்குக் கீழே காய்ந்திருந்த மொட்டையின் நுனியில் நமைச்சல் எடுத்தது. ஈரத்தில் கிடந்த மஞ்சள் கிழங்கில் முளை விடுகிற மாதிரி அங்கே வெள்ளையாக ஐந்து புள்ளிகள் வந்திருந்தன, தடவிப் பார்த்தால் நகம்.

"மாமா, இங்க பாருங்க. நகம் முளைச்சிருக்குது."

மயில்சாமி டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நகம்னா வெட்டி விடு" என்றான்.

அவள் வெட்டவில்லை. நகத்துக்குப் பின்னால் விரல் வந்தது, விரலுக்குப் பின்னால் உள்ளங்கை வந்தது, நான்கைந்து வாரத்தில் துளசிமணியின் கறுத்த முழங்கையின் முடிவில் பிறந்த குழந்தையின் கை ஒன்று சிவப்பாகச் சுருண்டு கிடந்தது, அவள் விழித்திருக்கும்போது அது தூங்கியது, அவள் தூங்கும்போது அது விழித்துக்கொண்டு போர்வையைப் பிறாண்டியது, கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்தது, பிடித்ததை விடவில்லை. மூன்றாவது படிக்கிற மகள் தர்ஷிகா அதற்குப் பாப்பா என்று பேர் வைத்தாள். பள்ளிக்கூடம் போகும் முன்னால் தன் விரலை அதன் பிடிக்குள் கொடுத்துவிட்டு, "அம்மா, பாப்பா உட மாட்டேங்குது, லேட்டாவுது" என்று தினமும் சத்தம் போட்டாள். துளசிமணி அந்தக் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, விரல் விரலாக நீவிவிட்டு, ஸ்பூன் பிடிக்கவும் நூல் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தாள். பெரிய கையானதும் மறுபடியும் குடம் தூக்கலாம், மில்லை விட்டுவிட்டுத் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், பெண்ணைப் படிக்க வைக்கலாம் என்று நினைத்தாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

கை முளைத்ததில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய கவலையே வேறு. கை செத்ததற்குத் தீட்டுக் காத்தோமே, கை பிறந்ததற்கும் பிள்ளைத்தீட்டு உண்டா, உண்டென்றால் பங்காளிகள் கோயிலுக்குப் போகலாமா, இந்தக் கைக்கு ஜாதகம் எழுதுவதென்றால் நகம் வந்த நேரத்தை எடுப்பதா விரல் வந்த நேரத்தை எடுப்பதா என்று டீக்கடையில் உட்கார்ந்து வெகு மும்முரமாகப் பேசினார்கள். பெண்கள் பிள்ளை பார்க்க வருகிற மாதிரி சீனியும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து, கையின் மணிக்கட்டில் திருஷ்டிப் பொட்டு வைத்து, அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் தன் குழந்தைக்கு வாங்கிய கிலுகிலுப்பையைக்கூடக் கொடுத்தாள்.

மில் முதலாளி சென்னியப்பன் மட்டும் காரில் வந்து இறங்கி, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வலு வந்ததீமு வேலைக்கு வந்துரு அம்மிணி. ஆள் பத்தறதில்ல" என்றார்.

மறுநாள் காலை ஷிப்டு தொடங்கும் முன்னால் மட்டை மெஷினின் வாய்க்கு முன்னே போட்டிருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிவிடச் சொன்னார். கை உள்ளே போகாமல் ஓரளவுக்காவது தடுக்கிற தகடு அது. தகடு இருந்தால் மட்டையை மெதுவாகத்தான் தள்ள முடியும், தகடு இல்லாவிட்டால் ஒரு ஷிப்டில் இரண்டு ஷிப்டு நார் அடிக்கலாம். இதுவரைக்கும் ஏதோ கொஞ்சம் பயம் இருந்தது, இனி எதற்குப் பயம், போனால் முளைத்துக்கொள்ளப் போகிறது. சென்னியப்பன் பேராசைக்காரர், அவரை விடுங்கள். வேலை செய்கிறவர்களில் ஒருவராவது அந்தத் தகட்டைத் திரும்ப மாட்டச் சொன்னார்களா? ஒருத்திக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று அவர்களும் நம்பினார்கள். ஓர் ஊரே சேர்ந்து இப்படி ஒரு முடிவுக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் வந்தது.

முதலில் ரங்கசாமிக்குப் போனது, வலது கையில் மூன்று விரல். அவன் அழவில்லை. கைச்சாவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "வரப்போறதுக்கு எதுக்குங்க சாவு?" என்று கேட்டு, விரல்களைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைமேட்டில் வீசினான், நாய் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாணித் தண்ணியில் கையை ஊற வைத்தான், விதைக்கு ஈரம் வேண்டும் என்று வெந்தயப் பற்றுப் போட்டான், தோட்டத்துக்காரன் ஒருவன் யோசனை சொன்னானென்று ஒரு பிடி யூரியாவையும் தூவிக் கட்டினான். வெள்ளையாக ஏதோ தெரிந்தபோது நகம் நகம் என்று தெருவைக் கூட்டினான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நகம் நெளிந்தது. புழு வைத்திருந்தது.

கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனபோது மணிக்கட்டு வரைக்கும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவனுக்கு அடுத்து வேறு இரண்டு பேருக்குப் போனது, அவர்களுக்கும் முளைக்கவில்லை. ஊர் கோபப்பட்டது. தகட்டைக் கழற்றிய சென்னியப்பன் மேல் கோபப்பட்டிருந்தால் நான் இவர்களை மனிதர்கள் என்று சொல்லியிருப்பேன். துளசிமணி மேல் கோபப்பட்டார்கள். அவள் என்ன பெரிய இவளா, அவளுக்கு மட்டும் எப்படி வருகிறது, ஏதோ சூட்சுமம் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள் என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். சீனியும் பழமும் கொண்டுவந்த அதே பெண்கள்தான்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் பிரணவ் வேனில் வந்து சேர்ந்தார். மூடிக் கிடந்த ரேஷன் குடோனை வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, மறுமுளை ஸ்டெம் செல் மையம் என்று பலகை மாட்டி, முதல் நாளே ஊரைக் கூட்டித் திரையில் படம் காட்டினார். ஒரு மாதிரியான தண்ணீர்ப் பல்லி, காலை வெட்டினால் கால் வருகிறது, வாலை வெட்டினால் வால் வருகிறது, கண்ணே போனாலும் வருகிறது. நம் உடம்பிலும் அந்த வேலையைச் செய்யக்கூடிய செல் இருக்கிறது, ஆனால் தூங்குகிறது, துளசிமணி அம்மாவுக்கு அது விழித்துக்கொண்டது, அவர்கள் உடம்பிலிருந்து துளி எடுத்து மற்றவர்களுக்குள் வைத்தால் அவர்களுடையதும் விழித்துக்கொள்ளும், இன்னும் ஐந்தே வருஷத்தில் உலகத்தில் முடம் என்கிற சொல்லே இருக்காது என்றார். பெரிய பெரிய நாடுகளில் இதற்காக ராத்திரி பகலாக ஆராய்ச்சி நடக்கிறது என்றார். அது உண்மைதான், எங்கோ நல்ல மனிதர்கள் பொறுமையாக எலியையும் பல்லியையும் வைத்துக்கொண்டு தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் அவர்களுடைய படங்களை எடுத்துக்கொண்டு வேனில் வந்தவர்.

ரங்கசாமியின் மனைவி வந்து துளசிமணியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். சோறு பிசைந்து ஊட்ட வேண்டியிருக்கிறது, குண்டி கழுவிவிட வேண்டியிருக்கிறது, ஒரே ஒரு விரல் கொடு தாயி என்றாள். கை அப்போதுதான் முழுசாக வளர்ந்து பெரிய கையாகியிருந்தது, மெஷின் ஊசியில் நூல் கோக்க அதற்குத் தெரிந்திருந்தது. துளசிமணி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அவளாகவே குடோனுக்குப் போய்ச் சுண்டுவிரலைக் கொடுத்தாள். இந்தக் கதையில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது, அது இதுதான், அதற்குப் பிறகு நடந்த அத்தனைக்கும் வழி விட்டதும் இதுதான். மரத்துப்போக ஊசி போட்டார்கள், புதுச் சதைக்கு அந்த ஊசி ஏறவில்லை. அவள் போட்ட சத்தம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரவில்லை.

விரலை அரைத்து ரங்கசாமியின் மொட்டைக்குள் ஊசியாக ஏற்றினார்கள். அங்கே ஒன்றும் வரவில்லை. துளசிமணிக்குச் சுண்டுவிரல் திரும்ப வந்துவிட்டது.

"டோஸ் பத்தலை" என்றார் டாக்டர் பிரணவ். "ஃபுல் கை கிடைச்சா ரிசல்ட் உறுதியா சொல்லலாம்."

"ஒரு வெரல் கேட்டீங்க, குடுத்தனுங்க. கையெல்லாம் தர மாட்டனுங்க" என்றாள் துளசிமணி. "இது என்ற கைங்க."

அதற்காகக் கூட்டம் போட்டார்கள். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்த சமயம், சமுதாயக் கூடத்தின் நாலு பக்கமும் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பேசப்பட்டது துளசிமணிக்குச் சம்மதமா இல்லையா என்பது அல்ல. கையை எடுத்தால் அது கைச்சாவு, கைச்சாவென்றால் தீட்டு, கம்பம் நட்ட பிறகு ஊருக்குள் தீட்டு விழுந்தால் நோம்பி நின்றுபோகும், நோம்பி நின்றால் மழை நின்றுபோகும், இதற்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. எல்லோரும் பூசாரியின் வாயைப் பார்த்தார்கள். பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நகம் வெட்டுனா தீட்டாகுதுங்களா? முடி வெட்டுனா ஆகுதுங்களா? வாழைய வெட்டறோம், கட்டையில மறுக்கா குருத்து வருது. வாழைக்கு ஆராச்சும் கருமாதி பண்றீங்களா? முளைக்கிறது எதுவும் பொணம் கெடையாதுங்க. இது வெள்ளாமை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. அதுவரை அது துளசிமணியின் கை, அந்த நிமிஷத்திலிருந்து அது ஊர் வெள்ளாமை. கைக்குச் சாவு எடுத்த ஊர் அது, அறுந்த விரலையும் ஓர் உயிர் என்று மதித்துப் பால் ஊற்றியது, ரசம் தண்ணியாக இருந்தாலும் குழி மண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டது, அந்த ஒரு வழக்கம்தான் அவளைக் காப்பாற்றியிருக்க முடியும், அதை ஒரு வெற்றிலை துப்புகிற நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் சென்னியப்பன். நாலு விரல் கைகளும் இரண்டு விரல் கைகளும் ஜன்னல் வரைக்கும் எழுந்தன. ரங்கசாமி மொட்டைக் கையைத் தூக்கினான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த துளசிமணி தன் புருஷனைத் தேடினாள். மயில்சாமி இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

அதன் பிறகு நடந்ததை நான் அவசரமாகத்தான் சொல்லப் போகிறேன், நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கை வளர்ந்தது, வெட்டினார்கள், வளர்ந்தது, வெட்டினார்கள். ஊர் புதுப் பேச்சுப் பழகிக்கொண்டது: இந்த வெட்டு நல்ல வெட்டு, அடுத்த வெட்டு ஆடிக்குள் வரும், மழை இல்லாததால் இந்தத் தடவை காய்ப்பு மெலிவு. நன்றாக விளைய வேண்டுமென்று வீட்டுக்கு முட்டையும் ஈரலும் அனுப்பினார்கள், அவள் சாப்பிடுகிறாளா என்று நின்று பார்த்துவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். வெட்டிய கையைக் குடோனில் கொதிக்க வைத்து வடித்துக் கொழகொழவென்று ஒரு தைலம் எடுத்தார்கள், சின்னச் சின்ன டப்பாவில் அடைத்தார்கள், துளசித் தைலம் என்று எழுதி ஒட்டினார்கள், பன்றிக்கொழுப்பு உருகுகிற வாடை தெரு முழுக்க அடித்தது. மொட்டைக் கைக்காரர்கள் தடவினார்கள், ஒன்றும் வரவில்லை. ஆனாலும் தடவினார்கள். மூட்டுவலிக்காரர்கள் முட்டியில் தேய்த்தார்கள், வழுக்கைக்காரர்கள் தலையில் தேய்த்தார்கள், வயசான ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு இடத்தில் தேய்த்தார்கள், சர்க்கரையால் கால் அழுகியவர்களைச் சுற்று ஊர்களிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தர் ரொம்ப நம்பிக்கையாகச் சோற்றில் பிசைந்தே சாப்பிட்டார். நல்ல ருசி என்று வேறு சொன்னார். தூ.

வலிக்கிறது என்று துளசிமணி ஒவ்வொரு தடவையும் சொன்னாள். முதல் தடவை மெஷினில் போனபோது வலித்த அதே வலிதான், குறையவே இல்லை என்றாள். "முளைக்கிறவளுக்கு என்ன வலி" என்றார்கள். தினமும் கண்ணால் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு வலிக்கும் என்பதை நம்ப ஓர் ஊருக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு டாக்டர் பிரணவ் இன்னொன்று கண்டுபிடித்தார். முற்றிய கையில் செல் சோர்ந்துவிடுகிறதாம், இளசாக எடுத்தால்தான் வேகம் அதிகமாம். அதற்குப் பிறகு கையைப் பெரிதாக விடவில்லை. ஸ்பூன் பிடிக்கக்கூடத் தெரியாத, விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடாத பிஞ்சுக் கையாக இருக்கும்போதே எடுத்தார்கள். வெட்டுகிற மேஜையில் அது நர்சின் விரலைப் பிடித்துக்கொள்ளும், நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருக்கும். தர்ஷிகா அதற்குப் பேர் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்படியும் ஒருவருக்கும் முளைக்காததால், டாக்டர் பிரணவ் ஒரு நாள் துளசிமணியின் வீட்டுக்கே வந்து, மயில்சாமி எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தின்பண்டம் வேண்டாம் என்று மரியாதையாக மறுத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"இது பரம்பரையா வர விஷயமா இருக்கலாம். உங்க பொண்ணுக்கும் இருந்தா சின்ன வயசு செல், ரொம்பப் பவர்ஃபுல். ஒரு சுண்டுவிரல் மட்டும் எடுத்துப் பார்ப்போம்."

தர்ஷிகா வாசற்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

துளசிமணி கேட்டாள்: "முளைக்கலீன்னா?"

"முளைக்கலைன்னா, முளைக்காதுன்னு தெரிஞ்சுக்கலாம். ஆராய்ச்சின்னா அப்படித்தாம்மா."

"அது எழுதற கைங்க, டாக்டர்."

"இடது கையில எடுத்துக்கலாம்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"ஒரு சுண்டுவெரல்தான" என்றான் மயில்சாமி. "முளைச்சுக்கும் புள்ள. உன்னையாட்டத்தான இருக்கறா. வெள்ளிக்கிழம பரீட்சை முடிஞ்சதீமு நானே கூட்டியாறனுங்க டாக்டர்."

துளசிமணி அவன் காலில் விழுந்தாள். என்ற ரெண்டு கையையும் எடுத்துக்கச் சொல்லுங்க மாமா, புள்ளையத் தொடவேண்டாம் என்றாள். அவன் காலை இழுத்துக்கொண்டு, ஊருக்கே உபகாரமான காரியத்தில் ஏன் இப்படிச் சுயநலமாக இருக்கிறாய் என்று கேட்டான். டாக்டர் இந்தப் பக்கம் திரும்பாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தன் அம்மா வீட்டுக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமென்று துளசிமணி மறுநாள் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அங்கே நின்றிருந்தவர்கள் எங்கே போகிறாய், அடுத்த வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது என்று கேட்டு, பையை வாங்கிக்கொண்டு, ரொம்ப அக்கறையாக வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அதற்கும் மறுநாள் மயில்சாமி மில்லுக்கும் தர்ஷிகா பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, துளசிமணி அடுப்பில் தேங்காய்த் தொட்டிகளை அடுக்கிப் பற்ற வைத்து, சிரட்டை நெருப்பு அப்படித்தான் எரியும், திகுதிகுவென்று, அதில் இரும்புக் கரண்டியின் குழியைச் செருகி வைத்தாள். அப்போதுதான் பிஞ்சுக் கை மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. அவள் அரிவாள்மனையை எடுத்தாள். பிறகு, கரண்டியை எடுத்து மொட்டையின் வாயில் வைத்து அழுத்தி, உள்ளே எலும்பு வரைக்கும் கருகி முடியும்வரை எடுக்காமல் வைத்திருந்தாள். வெட்டிய பிஞ்சை அடுப்பிலேயே போட்டாள். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்ததில் தலைப்பில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

கஞ்சி வடிக்கும்போது பாத்திரம் சரிந்து, தடுமாறி விழுந்ததில் பிஞ்சுக் கை அடுப்புக்குள் போய்க் கருகிவிட்டது என்று சொன்னாள். பாத்திரத்தையும் தரையையும் அப்படியே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். டாக்டர் பிரணவ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். கறுத்துச் சுருங்கிய தோலில் நகமும் வரவில்லை, புள்ளியும் வரவில்லை. ஊர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அம்மாவுக்கே அடைத்துக்கொண்டது என்றால் பெண்ணிடம் தேடி என்ன ஆகப் போகிறது, முதலில் இது திரும்ப வருகிறதா பார்ப்போம் என்று டாக்டர் தள்ளிப் போட்டார். பிறகு ஒரு காலையில், செல் களைத்துப்போய்விட்டது, இனி வாய்ப்பில்லை என்று சொல்லி, பலகையைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திண்டுக்கல் பக்கத்தில் யாருக்கோ பல் மூன்றாவது தடவை முளைத்திருக்கிறதாம்.

ஊர்ச் சொத்தைக் கவனமில்லாமல் கெடுத்துவிட்டாள் என்று துளசிமணி மேல் பஞ்சாயத்துப் பேசினார்கள். ஒரு கஞ்சியை வடிக்கத் தெரியாதா என்றாள் சீனி கொண்டுவந்த பெண். கை கருகாமல் கிடந்திருந்தால் எங்களுக்கும் ஒரு நாள் முளைத்திருக்குமே என்று ரங்கசாமி வாய்விட்டு அழுதான், அவன் அழுததற்கு எல்லோரும் சேர்ந்து அழுதார்கள், அவளுக்காக அழுதவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. இனி முளைக்காது என்று ஆகிவிட்டதால் அது பழையபடி கைச்சாவுதான், சோறு ஒன்று பாக்கி இருக்கிறது என்று பூசாரி ஞாபகப்படுத்தினார். மயில்சாமி போட்டான். இந்தத் தடவை ரசம் நன்றாக இருந்தது என்றார்கள். மட்டை மெஷினில் தகடு இன்னும் மாட்டவில்லை.

தர்ஷிகாவின் பத்து விரலும் அப்படியே இருக்கிறது. நாலாவது போய்விட்டாள்.

மயில்சாமி இப்போது முதல் ஷிப்டு, விடியும் முன்னாலேயே கிளம்பிவிடுகிறான். அவன் மொபெட் சத்தம் தெருமுனை தாண்டியதும் துளசிமணி எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, மொட்டையில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்தால், கருகிய தோல் வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து அது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்; பட்டாணி அளவுக்கு ஓர் உள்ளங்கை, நூல் மாதிரி ஐந்து விரல், நகம்கூட வந்திருக்கும். கரண்டி சிவக்கிற வரைக்கும் அவள் தன் வலது கைச் சுண்டுவிரலை அதனிடம் கொடுத்து வைத்திருப்பாள். அது பிடித்துக்கொள்ளும். நல்ல பிடி. கரண்டியை எடுக்க வேண்டிய நேரம் வந்ததும் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு எடுப்பாள்.

அன்றைக்கும் எடுத்தாள். உள்ளே பாயிலிருந்து தர்ஷிகா தூக்கக் குரலில் கூப்பிட்டாள்.

"அம்மா, என்னமோ தீயற வாசம் வருது."

துளசிமணி வாயிலிருந்த தலைப்பை எடுத்துவிட்டு, மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்து நிதானப்படுத்திக்கொண்டாள். அடுப்பின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு கத்திரிக்காயைப் போட்டு வைத்திருந்தாள்.

"கத்திரிக்கா சுடறேன் சாமி. நீ எந்திரிச்சுப் பல்லு வெளக்கு."

"இன்னைக்குமா?" என்றாள் தர்ஷிகா.

"ஆமா சாமி. இன்னைக்கும்."